வீட்டில் தூங்குகிறவர்களுக்கு ஒரு மடல்

பிள்ளை பெற்ற வீடுகளில் இரவில் தூங்குகிற அப்பாக்கள், அம்மாக்கள், மாமியார்கள், மாமனார்கள், நாத்தனார்கள் அனைவருக்கும்,



பிள்ளைக்காரிக்கு நான் எழுதவில்லை. அவளுக்குச் சொல்ல ஊரே இருக்கிறது. ஆஸ்பத்திரியில் சொல்கிறார்கள், அண்டை வீட்டில் சொல்கிறார்கள், கீரை விற்கிற அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சொல்கிறார், இப்போது யூடியூப்பும் சொல்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு அவள் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது மட்டும் அத்தனை பேரும் தூங்கிவிடுகிறார்கள். அதனால் இந்த மடல் உங்களுக்கு.

காவிரிப் பாசன ஊர்களில் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். காலையில் பிள்ளை பெற்ற வீட்டுக்குள் நுழைகிற வேலை. தராசைத் தொங்கவிட்டுப் பிள்ளையை எடை போட்டு முடிப்பதற்குள் அந்த வீட்டுக்கு முந்தின ராத்திரி எப்படிப் போயிருக்கிறது என்பது தெரிந்துவிடும். பிள்ளைக்காரி வாயைத் திறக்கமாட்டாள். மற்றவர்கள்தான் பேசுவார்கள். "ராத்திரி பூரா ஒரே அழுகை நர்சம்மா. இவளுக்குப் பாலே பத்தல." சொல்கிறவர் முகத்தில் நன்றாகத் தூங்கி எழுந்த தெளிவு இருக்கும்.

நீங்கள் தூங்குவதைக் குறை சொல்லவில்லை. வீட்டில் எல்லோரும் விழித்திருந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. ராத்திரி தூங்கியவர்கள் காலையில் தீர்ப்புச் சொல்லாதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

பிள்ளை ஏன் ராத்திரி எழுந்திருக்கிறது என்பதை முதலில் பேசிவிடுவோம். பிறந்த பிள்ளையின் வயிறு மிகச் சிறியது, தாய்ப்பாலோ சீக்கிரம் செரிக்கும். இருபத்துநாலு மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை குடிப்பது வழக்கம். அந்தக் கணக்கில் ராத்திரிக்கு ஒரு பங்கு வந்தே தீரும். "வயித்துக்குள்ள இருக்கும்போதே பகல் ராத்திரி மாறிப்போச்சு" என்று பாட்டிமார் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. பொழுதறிந்து தூங்க வைக்கிற மெலடோனினைப் பிறந்த பிள்ளையின் உடம்பு முதல் சில வாரங்களுக்கு ஒழுங்காகச் சுரப்பதில்லை. அதற்கு ராத்திரி எது, பகல் எது என்று தெரியாது. அம்மாவின் ராத்திரிப் பாலில் மெலடோனின் இருக்கிறது, பகல் பாலில் இருப்பதில்லை. பொழுதைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதில் அந்தப் பாலுக்கும் பங்கு உண்டு என்று ஆராய்கிறவர்கள் சொல்கிறார்கள்.

அடுத்தது பாலைச் சுரக்க வைக்கிற புரோலாக்டின். பிள்ளை சப்பச் சப்ப அது ஏறும். இரவில் இயல்பாகவே அது கூடுதலாக இருக்கும். ஆகவே இரண்டு மணிக்குப் பிள்ளை குடிப்பது அந்த நேரத்துப் பசிக்கு மட்டுமென்று நினைத்துவிடாதீர்கள். நாளைக்கு வேண்டிய பாலுக்கும் அப்போதுதான் அது சொல்லி வைக்கிறது. "அவ தூங்கட்டும் பாவம், ராத்திரிக்கு மட்டும் ஒரு பாட்டில் குடுத்துடலாம்" என்று பாசத்தோடுதான் சொல்கிறீர்கள். அந்த ஒரு பாட்டிலால் மார்பு காலியாகாமல் கட்டிக்கொள்கிறது. கட்டிக்கொண்டால் உடம்பு சுரப்பைக் குறைக்கிறது. காலையில் பால் குறைந்திருப்பதைப் பார்த்து இரண்டாவது பாட்டில் வருகிறது. "நான் அன்னிக்கே சொன்னேன்ல, இவளுக்குப் பால் பத்தாதுன்னு" என்ற பேச்சும் கூடவே வருகிறது. பத்தாமல் செய்தது எது என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இன்னொரு பலனையும் மாமியார்மார் காதில் போட்டு வைக்கிறேன். பிள்ளைக்கு ஆறு மாதம் ஆகாமலும் மாதவிலக்கு திரும்பாமலும் இருக்கிற தாய், தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் கொடுக்காமல், பகலில் நாலு மணி நேரத்துக்கு மேலும் ராத்திரியில் ஆறு மணி நேரத்துக்கு மேலும் இடைவெளி விடாமல் கொடுத்து வந்தால், அடுத்த கரு தங்கும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டுக்குள்தான். ராத்திரிப் பாலை நிறுத்திய வீட்டுக்கு இந்தக் காவல் கிடையாது.

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வைப் பாருங்கள். தமிழ்நாட்டில் பிரசவங்களில் 99.6 விழுக்காடு ஆஸ்பத்திரியில் நடக்கிறது. இந்தியாவுக்கே முன்மாதிரி என்று மார்தட்டிக்கொள்ளலாம். ஆனால் ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைகளில் தாய்ப்பால் மட்டும் குடிப்பவை 55.1 விழுக்காடுதான். இந்திய சராசரியே 63.7. ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டோம், அதற்குப் பிறகு வீட்டில்தான் கோட்டை விடுகிறோம். அதுவும் பெரும்பாலும் ராத்திரியில் என்பது வீடு வீடாக நுழைந்து பார்த்தவளின் கணிப்பு. பால் பவுடருக்கும் பாட்டிலுக்கும் விளம்பரம் செய்யக்கூடாது என்று இந்தியாவில் 1992-லேயே சட்டம் வந்துவிட்டது. டிவியில் அந்த விளம்பரத்தை நீங்கள் பார்க்க முடியாது. கம்பெனிக்காரன் செய்ய முடியாத விளம்பரத்தை வீட்டுக்குள் இருந்துகொண்டு நீங்கள் இலவசமாகச் செய்துகொடுக்கிறீர்கள்.

பால் பத்துகிறதா என்று பார்க்க வழி இருக்கிறது. முதல் வாரம் கழிந்த பிள்ளை ஒரு நாளில் ஆறு தடவைக்குக் குறையாமல் மூத்திரம் போகிறதா, எடை ஏறுகிறதா? இரண்டும் சரி என்றால் பால் பத்துகிறது. பிறந்தவுடன் சில நாள் எடை கொஞ்சம் இறங்கும். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிடும். மார்பு கல்லு மாதிரி இல்லாமல் மெத்தென்று ஆகிவிட்டது என்பதோ, பிள்ளை சாயங்காலத்தில் மணிக்கொரு தரம் கேட்கிறது என்பதோ பால் குறைந்ததற்கு அடையாளம் இல்லை. சாயங்காலத்தில் அடுத்தடுத்துக் கேட்பது கைப்பிள்ளைகளின் வழக்கம். இவற்றை எண்ணிப் பார்க்காமல் அழுகையை மட்டும் வைத்துக் கணக்குப் போடுகிறீர்கள்.

நீங்கள் காலையில் பேசுகிற பேச்சு ராத்திரிப் பாலைத் தொடும். 1948-ல் அமெரிக்காவில் மைக்கேல் நியூட்டன், நைல்ஸ் நியூட்டன் என்ற தம்பதி ஒரு சோதனை செய்தார்கள். கைப்பிள்ளை வைத்திருந்த நைல்ஸ் தானே சோதனைக்கு உட்பட்டார். பால் கொடுக்கும் நேரத்தில் சில நாள் கால்களை ஐஸ் தண்ணீரில் வைத்தார்கள். சில நாள் வலிக்கும்படி கால்விரலை இழுத்தார்கள். சில நாள் கணக்குப் போடச் சொல்லிப் படுத்தினார்கள். அந்த நாட்களில் பிள்ளை குடித்த பால் வெகுவாகக் குறைந்தது. அதே தொல்லைகளோடு ஆக்ஸிடோசின் ஊசி போட்டபோது ஏறக்குறையப் பழைய அளவுக்குத் திரும்பியது. பால் மார்பிலேயே இருந்திருக்கிறது, இறங்கித்தான் வரவில்லை. நம் வீடுகளில் ஐஸ் தண்ணீர் தேவைப்படுவதில்லை. "பக்கத்து வீட்டுப் பிள்ள எப்படிக் கொழுகொழுன்னு இருக்கு பாரு" என்று ஒரு வார்த்தை போதும்.

படுத்துக்கொண்டு பால் கொடுக்கும் பஞ்சாயத்துக்கு வருகிறேன். "படுத்துக்கிட்டுக் குடுக்காத, பால் காதுல ஏறிச் சீழ் பிடிக்கும்." இதைக் கேட்காத பிள்ளைக்காரி நம் ஊரில் கிடையாது. மல்லாக்கப் படுத்த பிள்ளை வாயில் பாட்டிலை வைத்துவிட்டுப் போவதுதான் காதுக்கு ஆகாது. தாய் ஒருக்களித்துப் படுத்து, பிள்ளையையும் தன் பக்கம் ஒருக்களித்து வைத்துக் கொடுக்கிற தாய்ப்பாலுக்கும் காதில் சீழுக்கும் சம்பந்தமில்லை. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் பிரசவங்களில் 44.9 விழுக்காடு சிசேரியன். தையல் காயாத ஒருத்தி ராத்திரியில் எழுந்து உட்காருவதை ஒரு தடவையாவது விழித்திருந்து பாருங்கள். முதலில் ஒரு பக்கமாகப் புரளுவாள். ஒரு கையால் அடிவயிற்றை அழுத்திக்கொண்டு, மறு கையைக் கட்டில் விளிம்பில் ஊன்றிக் காலைத் தொங்கவிடுவாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுவாள். அதன் பிறகு குனிந்து தொட்டிலில் இருக்கிற பிள்ளையைத் தூக்க வேண்டும். அதற்குள் பிள்ளை வீறிடத் தொடங்கியிருக்கும். படுத்தபடி கொடுக்க விட்டிருந்தால், முதுகுக்கு ஒரு தலையணை முட்டுக்கொடுத்துவிட்டு இரண்டு பேரும் பாதித் தூக்கத்திலேயே வேலையை முடித்திருப்பார்கள்.

படுத்துக் கொடுக்கிறவள் கண்ணசந்து போகத்தான் செய்வாள். அதனால் படுக்கையைச் சரி செய்து கொடுப்பது உங்கள் பொறுப்பு. பாய், அல்லது அழுத்தமான மெத்தை. பிள்ளை முகத்துக்குப் பக்கத்தில் தலையணையும் கனத்த போர்வையும் வேண்டாம். குடித்து முடித்ததும் பிள்ளை மல்லாக்கப் படுக்க வேண்டும், குப்புற வேண்டாம். சோபாவில் சாய்ந்து பால் கொடுத்தபடி தூங்கிப்போவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்து. வீட்டுப் பெரியவர்களுக்கு முன்னால் படுக்கக் கூச்சப்பட்டுக்கொண்டு எத்தனையோ பெண்கள் கூடத்துச் சோபாவில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். குடித்துவிட்டு வந்தவரும் பீடி, சிகரெட் பிடிக்கிறவரும் பிள்ளையோடு ஒரே படுக்கையில் படுக்கவே கூடாது. இதை நான் நேருக்கு நேர் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்ட வீடுகள் உண்டு, இருந்தாலும் சொல்கிறேன். மாதம் முந்தியோ எடை குறைந்தோ பிறந்த பிள்ளை என்றால் ஒரே படுக்கை வேண்டாம். கைக்கெட்டும் தூரத்தில் தனி விரிப்பு போடுங்கள்.

பத்தியத்தைப் பற்றிப் பேசினால் இந்த மடல் முடியாது. பூண்டும் பால்சுறாப் புட்டும் நன்றாகச் செய்து போடுங்கள், புண்ணியமாகப் போகும். தண்ணீரை மட்டும் தடுக்காதீர்கள். "நிறைய தண்ணி குடிச்சா வயிறு தொங்கும், பிள்ளைக்குச் சளி பிடிக்கும்" என்று டம்ளரில் அளந்து கொடுக்கிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன். பால் இறங்கும்போது தாய்க்குத் தொண்டை வறளும். பால் கொடுத்த எந்தப் பெண்ணையும் கேட்டுப் பாருங்கள். பிள்ளை மார்பில் இருக்கும்போது அவளால் எழுந்து போய் மொண்டு குடிக்க முடியாது. பசியும் அப்படித்தான். முதல் ஆறு மாதம் பால் கொடுக்கிற பெண்ணுக்கு நாளொன்றுக்கு 600 கலோரி கூடுதலாக வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். ஏழு மணிக்கு ரசம் சாதம் கொடுத்துவிட்டு, மறுநாள் எட்டு மணி வரைக்கும் அடுப்படியைச் சாத்தி வைத்தால் அது எங்கிருந்து வரும்? வாழைப்பழம் ஆகாது என்பீர்கள். சரி, இரண்டு ரொட்டியோ ஒரு கடலை உருண்டையோ தலைமாட்டில் இருக்கட்டும்.

அப்பாக்களே, உங்களுக்குத் தனியாக. "எங்கிட்ட பாலா இருக்கு, நான் எழுந்து என்ன பண்ண?" என்று கேட்பீர்கள். பால் கொடுப்பது ராத்திரி வேலையில் ஒரு பகுதிதான். பிள்ளை கையைச் சூப்பி, தலையை இப்படியும் அப்படியும் திருப்பித் தேடுகிறபோதே, அழுகை வருமுன், தூக்கி அவளிடம் கொடுக்கலாம். குடித்து முடித்ததும் தோளில் போட்டு ஏப்பம் வரும் வரைக்கும் நடக்கலாம். ஈரத்துணி மாற்றலாம். மறுபடி தூங்க வைக்கலாம். ஒவ்வொரு தடவையும் இவைதான் அதிக நேரத்தைத் தின்கின்றன. அவற்றை நீங்கள் எடுத்துக்கொண்டால் பால் கொடுத்த கையோடு அவள் திரும்பிப் படுத்துவிடலாம். காலையில் வேலைக்குப் போக வேண்டும் என்பது நியாயமான காரணம்தான். மத்திய அரசு ஊழியர்களுக்கு 15 நாள் தந்தையர் விடுப்பு உண்டு. தனியார் கம்பெனிகளை அப்படிக் கட்டாயப்படுத்தச் சட்டம் எதுவும் இல்லை. அதனால் எல்லா ராத்திரியும் விழிக்கச் சொல்லவில்லை. உங்கள் லீவு நாளுக்கு முந்தின ராத்திரி உங்களுடையதாக இருக்கட்டும்.

தலைப்பிரசவம் என்றால் பெண் தாய்வீட்டில் இருப்பாள். அங்கே பெற்ற தாய் பக்கத்தில் படுத்திருப்பாள். விழிப்பு வந்தால் பிள்ளையை வாங்கிக்கொள்வாள். மூன்றாம் மாதத்திலோ ஐந்தாம் மாதத்திலோ நல்ல நாள் பார்த்து, வெள்ளிக் கொலுசும் தொட்டிலுமாகப் புகுந்த வீட்டுக்குக் கொண்டுவந்து விடுவார்கள். பிள்ளையின் தூக்கம் கலைந்து அடிக்கடி விழிக்கத் தொடங்குகிற பருவமும் பல பிள்ளைகளுக்கு நாலாம் மாதத்தை ஒட்டித்தான் வரும். புது வீடு, புது வாசனை, புதுக் குரல்கள். அதே சமயத்தில் பிள்ளைக்காரிக்குச் சமையல்கட்டும் திரும்பக் கிடைத்துவிடும். "அங்க ஒழுங்காத் தூங்குச்சாம், இங்க வந்து படுத்துது" என்று ஒரு பேச்சு. மாமியார்மார்களே, அந்த முதல் மாதத்தில் காலைக் காப்பியிலிருந்து இட்லி வரைக்கும் அவளை எதிர்பார்க்காதீர்கள். நீங்கள் ஐந்து மணிக்கு எழுகிற பழக்கம் உள்ளவர்களாயிற்றே. ஐந்து மணிக்குப் பிள்ளையை வாங்கிக்கொண்டு போய்த் திண்ணையில் உட்காருங்கள். அவளுக்கு ஏழு வரைக்கும் தூக்கம் கிடைக்கும். இப்படிச் செய்த மாமியார்களும் என் ஊர்களில் இருந்தார்கள். அந்த வீடுகளில் பால் பவுடர் டப்பாவை நான் அதிகம் பார்த்ததில்லை.

வேலைக்குத் திரும்புகிற பெண்களின் வீட்டார் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். தமிழ்நாட்டு அரசு ஊழியர் என்றால் 2021 ஜூலையிலிருந்து ஒரு வருஷம் விடுப்பு. தனியார் நிறுவனம் என்றால் 2017 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு 26 வாரம். நடவுக்கும் கல் சூளைக்கும் போகிறவளுக்கு உடம்பு தாங்கும் நாள் வரைக்கும்தான். பகலெல்லாம் தாயைக் காணாத பிள்ளை ராத்திரி சேர்த்து வைத்துக் குடிக்கும். பலர் இதைக் கெட்ட பழக்கம் என்கிறார்கள். பகலில் விட்டுப்போன பாலைப் பிள்ளை ராத்திரியில் வசூலிக்கிறது. வேலைக்குப் போகிறவளின் பால் வற்றாமல் இருப்பதும் அதனால்தான்.

அப்புறம் ஒன்றரை வயதுப் பிள்ளை. "இன்னுமா குடிக்கிறான்? வெட்கமாயில்ல?" இரண்டு வயது வரைக்கும், அதற்கு மேலும் கொடுக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஒரு வயதுக்கு மேலும் பிள்ளைக்கு வேண்டிய சக்தியில் மூன்றில் ஒரு பங்கைத் தாய்ப்பால் கொடுக்க முடியும். பல் முளைத்தபின் படுக்கப்போகும் முன் பல்லைத் துலக்கிவிட வேண்டும், அந்த அக்கறை போதும். எப்போது மறக்கடிப்பது என்று அவள் முடிவு செய்யட்டும். அந்த முடிவை எடுத்தபின் வேப்பெண்ணெய் தடவுவது, மல்லிகைப்பூ வைத்துக் கட்டுவது என்று வைத்தியம் சொல்ல வருவீர்கள். மல்லிகைக்குப் பால் வற்றும் என்பதை வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் 1988-லேயே ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள், பாட்டிமார் சொன்னது வீணில்லை. ஆனால் ராத்திரிப் பாலை மறக்கடிக்கத் தாயால் தனியாக முடியாது. பால் வாசனையோடு பக்கத்தில் படுத்துக்கொண்டு "கிடையாது" என்றால் பிள்ளை எப்படி ஒப்புக்கொள்ளும்? அப்பாவோ பாட்டியோ பிள்ளையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, அழுதால் தட்டிக்கொடுத்து, தண்ணீர் கொடுத்து, சில ராத்திரிகள் தூக்கத்தைத் தொலைத்தாக வேண்டும். "நிறுத்து, நிறுத்து" என்று சொல்கிற யாராவது அதற்கு முன்வந்தால் நிறுத்திவிடலாம். முன்வராதவர்கள் அந்தப் பேச்சை எடுக்க வேண்டாம்.

இரண்டு விஷயங்களில் மட்டும் காத்திருக்காதீர்கள். பிறந்த பிள்ளை பாலுக்கு எழவே மாட்டேன் என்கிறது, எழுப்பினாலும் சப்பாமல் துவண்டு கிடக்கிறது, உடம்பு சுடுகிறது அல்லது சில்லிடுகிறது என்றால் விடியட்டும் என்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். "சமத்துப் பிள்ள, ராத்திரி பூரா தூங்குது" என்று பெருமைப்படுகிற விஷயமில்லை அது. இரண்டாவது, தாய். பிள்ளை தூங்கும்போதும் அவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை, காரணமில்லாமல் அழுகிறாள், பிள்ளையைத் தூக்கவே பயப்படுகிறாள், செத்துப்போகலாம் போலிருக்கிறது என்கிறாள் என்றால் மந்திரிக்கவும் கயிறு கட்டவும் போகாதீர்கள். அவளைத் தனியாகவும் விடாதீர்கள். மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். ராத்திரி என்றால் 14416-க்குப் போன் செய்யுங்கள். டெலி மனாஸ் என்று அரசு நடத்துகிற மனநல உதவி எண் அது, எந்த நேரமும் இலவசம், தமிழிலும் பேசுவார்கள்.

மற்ற ராத்திரிகளுக்கு உங்களிடம் நான் கேட்பது கொஞ்சம்தான். நாளைக்குக் காலையில் "பால் பத்துச்சா?" என்று கேட்காதீர்கள். "எத்தனை மணிக்குக் கண்ணசந்தே?" என்று கேளுங்கள். பதில் என்னவாக இருந்தாலும், பிள்ளையை வாங்கிக்கொண்டு அவளைப் போய்ப் படுக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஒரு கிராம சுகாதார செவிலியர்